சிவப்புப் பட்டன் வைத்த சட்டை

எங்கள் தெருக்கோடிப் புளியமரத்தடியில் ஏதோ நிற்கிறது என்று பாதி ஜனம் பெரிய ரோட்டைச் சுற்றிப் போன காலத்தில், அதே மரத்தடியில் தினமும் சுள்ளி பொறுக்கினவள் நான். சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தால் பாவம் இவர்களுக்குக் கால் வலிக்குமே என்றுதான் எனக்குத் தோன்றும். பெரியபாளையத்துக்கு வருஷம் ஒரு தடவை போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன், அதோடு சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பொம்பளை என்று நினைக்கக் கூடாது. நடந்தது பட்டப்பகலில், தையல் கடையில், ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போது.

நான் காஜா பட்டன் வேலை செய்கிறவள். தைத்து முடித்த சட்டையில் பட்டன் நுழைய ஓட்டை போட்டுக் காஜா எடுத்து, பட்டன் வைக்கிற வேலை. கும்மிடிப்பூண்டி பஜாருக்குள் பாத்திமாவின் தையல் கடை, சிப்காட் கம்பெனி ஆட்களுக்கு யூனிபாரம் சட்டை அங்கேதான் தைப்பார்கள். பாத்திமா பழவேற்காட்டுப் பெண், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரிது. ஒரு நாளைக்கு முந்நூறு பட்டன் வைப்பேன். நூலை எப்படிச் சுற்றி முடி போடுகிறார்கள் என்று பார்த்தாலே அது யார் கை என்று எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் பட்டன் வைத்த நான் ஒரே ஒரு சட்டைக்கு மட்டும் பத்தொன்பது வருஷமாக வைக்கவில்லை. அது என் வீட்டுக்காரர் சட்டை.

அவர் வெல்டர். குவைத்துக்குப் போனார். அவர் கிளம்பிய அன்று காலையில் வெள்ளை அரைக்கைச் சட்டையை அவசரமாகப் போடும்போது மேலிருந்து இரண்டாவது பட்டன் அறுந்து எங்கேயோ உருண்டு போய்விட்டது. வண்டி வாசலில் நிற்கிறது. அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வேறு ஒன்றை மாட்டிக்கொண்டார். "தெச்சி வையி, வந்து போட்டுக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் அவர் கடைசியாக என்னிடம் சொன்னது. அப்போது எனக்கு ஏழு மாசம். மகள் பிறந்ததற்கு ஒரு கடிதம் வந்தது, அப்புறம் இன்னொன்று வந்தது, அப்புறம் குவைத்தில் சண்டை வந்துவிட்டது. ஜனங்களைப் பிளேனில் திருப்பிக் கொண்டுவந்தார்கள் இல்லையா, அவர்கூட வேலை செய்த பொன்னேரிக்காரர் ஒருவர் வந்தார், பாலைவனத்தில் பஸ் ஏறும்போது கடைசியாகப் பார்த்தேன் என்றார். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் பொட்டும் தாலியுமாகத்தான் இருந்தேன். சட்டை பெட்டியில் இருந்தது. பட்டன் வைக்க நான் ஏன் உட்காரவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வைத்துவிட்டால் அதோடு முடிந்துபோகும் என்று ஒரு நினைப்பு.

மகள் செல்விக்குப் பத்தொன்பது வயதில் நல்ல இடம் வந்தது. பையனுக்கு அத்திப்பட்டில் மின்சாரம் எடுக்கிற இடத்தில் வேலை, தங்கமான பிள்ளை, அவளைப் பார்த்துப் பிடித்துப் போய் அவனே கேட்டு வந்தான். பையனின் அம்மாதான் ஒரு பேச்சு வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை, அவள் கேட்டதிலும் தப்பில்லை.

"பத்திரிகையில இன்னான்னு போடுறது சம்பந்தி? இருக்கிறாரா, இல்லியா? இருந்தா வந்து நிக்கட்டும். இல்லன்னா செய்ய வேண்டியத செஞ்சிடுங்க. ரெண்டுங்கெட்டானா மணவறையில நிக்கக் கூடாது, என் புள்ளைக்கு நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா ஊரு என்னைத்தான் கேக்கும்."

செல்வி உள்ளே அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்களில் வெகுகாலம் காணாமல் போனவர்களுக்கு ஒரு முறை உண்டு. புல்லில் ஆள் மாதிரி உருவம் கட்டி, அவர்கள் உடுத்தின துணியைப் போட்டு, சுடுகாட்டுக்கு எடுத்துப் போய் எரித்து, எல்லாச் சடங்கும் செய்துவிடுவார்கள். தை அமாவாசை திங்கட்கிழமை என்று குறித்தார்கள். என் கொழுந்தன்தான் எல்லாம் பார்த்துக்கொண்டார். அன்று காலையில் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்தேன். மார்பு திறந்த சட்டையோடு அவரை அனுப்ப மனசு வரவில்லை. பட்டன் தேடினேன். கையில் கடைப் பட்டன் நிறைய இருந்தது, ஆனால் யாரோ புதுசாக உடுத்தப்போகிற துணிக்கு வைக்கிற பட்டனைச் சாவுத் துணிக்கு எடுக்கக் கூடாது. செல்வி குழந்தையில் போட்ட கவுனில் சிவப்புப் பட்டன் இருந்தது, பெரிய பட்டன். அவர் பார்க்காத பிள்ளையின் பட்டன். அதை அறுத்து எடுத்து வைத்தேன்.

அப்போது ஒரு தப்பு செய்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை, ஆனாலும் என்ன நினைப்பில் இருந்தேனோ, முந்நூறு பட்டன் வைக்கிற கை, ஒரு விரல்கடை கீழே தள்ளி வைத்துவிட்டேன். வாசலில் புல் உருவத்துக்குச் சட்டையை மாட்டும்போது கொழுந்தன் கூப்பிட்டுச் சொன்னார், "அண்ணி, எறக்கி வெச்சி தெச்சிட்டே, காஜாவுக்கு எட்ட மாட்டேங்குது." பிரித்துத் தைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நேரமாகிறது, எரியப் போகிற துணிதானே என்று மேலே கயிற்றைச் சுற்றிக் கட்டினார். சட்டை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் காலர் தூக்கி நின்றது. அப்படியே எடுத்துப் போனார்கள். பொம்பளைகள் போகக் கூடாது, நான் வாசலோடு நின்றுவிட்டேன். சாயங்காலம் என் கழுத்தில் இருந்ததை எடுத்தார்கள். கழுத்து லேசாக இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை, உண்மையாகச் சொல்கிறேன், பசித்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை பாத்திமா வீட்டுக்கே வந்துவிட்டாள். தாலி எடுத்தவள் உடனே வெளியே போகலாமா என்று நான் தயங்கினேன். அவள் விடவில்லை. "எங்களுக்குன்னா புருசன் செத்தா நாலு மாசம் பத்து நாள் ஊட்ட உட்டு வெளிய வர முடியாது. நீ பத்தொம்போது வருசம் இருந்துட்டக்கா, இன்னும் இன்னா கணக்கு? வா, கம்பெனிக்காரன் இருநூறு சட்டை கேட்டுக்கினு நிக்கிறான்" என்று என்னைக் கையோடு இட்டுக்கொண்டு போனாள்.

பாத்திமாவுக்கு ஒரு தம்பி, பெயர் அன்வர். சிப்காட்டில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் இருந்தான், அந்தக் கம்பெனியே அவனைக் கொரியா தேசத்துக்கு ஒரு வருஷ வேலைக்கு அனுப்பியிருந்தது. அவன் அங்கே போனதும் சின்னக் கேமரா ஒன்று வாங்கி, தன்னைத் தானே படம் பிடித்து இன்டர்நெட்டில் போட ஆரம்பித்தான். இப்போது எல்லாரும் செய்கிறார்கள், அப்போது அது புதுசு. அங்கே ரூம் எப்படி இருக்கும், அரிசி எங்கே கிடைக்கும், பஸ்ஸில் எப்படி ஏறுவது, மிளகாய்த்தூள் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று நம்ம ஊர்ப் பேச்சிலேயே பேசுவான். எந்தெந்தத் தேசத்திலோ இருக்கிற தமிழ்க்காரர்கள் எல்லாம் பார்த்துவிட்டுக் கீழே எழுதுவார்கள். கடையின் பின்பக்கம் கம்ப்யூட்டர் இருந்தது, பாத்திமா வேலை நடுவே போட்டுப் பார்ப்பாள், நான் தரையில் உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டே காதால் கேட்பேன். திரையைப் பார்க்க மாட்டேன், அப்புறம் ஊசி விரலில் ஏறும்.

அன்று இரண்டு வாரமாகப் பார்க்காமல் விட்டதைப் போட்டாள். வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அன்வர் குரல், "இன்னாங்க, எல்லாம் எப்டி கீறீங்க? இன்னைக்கு மீன் மார்க்கெட்டு போறோம்."

பாத்திமா சிரித்தாள். "பழவேற்காட்டுல பொறந்துட்டு மீனுக்கு முள்ளு எடுக்கத் தெரியாது இவனுக்கு. கொரியாக்காரனுக்கு மீன் காட்டப் போறான். யக்கா, இங்க பாரேன், தரையெல்லாம் பனி. உப்பு கொட்டி வெச்ச மாதிரி."

நிமிர்ந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் படம். அன்வர் முகமும் அவன் வாயிலிருந்து புகையும். அவனுக்குப் பின்னால் ரோடு, வெள்ளை வெள்ளையாக, மூட்டை மாதிரி கோட்டு போட்ட ஜனம் போகிறது வருகிறது. அவர்கள் நடுவில் ஒருவர் வெறும் அரைக்கைச் சட்டையில் நின்றார்.

நின்றார் என்றால் சும்மா நிற்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் மார்பில் ஏதோ செய்துகொண்டிருந்தார். காலர் ஒரு பக்கம் தூக்கி இருந்தது. கை விலகினபோது மார்பில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

அந்த நிமிஷம் கரண்ட் போய்விட்டது.

அப்போதெல்லாம் பகலில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. பாத்திமா திட்டிக்கொண்டே சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்தாள், எனக்கும் போட்டாள், நான் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது. யாரோ ஒருவர், எல்லா ஊரிலும்தான் சிவப்புப் பட்டன் இருக்கிறது, எல்லா ஊரிலும்தான் பைத்தியங்கள் குளிரில் நிற்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு மணி நேரத்தில் நாற்பது சட்டைக்குப் பட்டன் வைத்திருக்கிறேன், ஒன்றுகூட இடம் மாறவில்லை.

கரண்ட் வந்ததும் அந்தப் படத்தை மறுபடியும் போடச் சொன்னேன். நான் எதையும் கேட்கிறவள் இல்லை, அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போட்டாள். நான் எழுந்து திரைக்குக் கிட்டே போய் நின்றேன். அவர் நிமிர்கிற ஒரு இடம் இருக்கிறது. அன்வர், "நம்ம ஊரு எறா மாதிரி ஒண்ணு இங்க கீது" என்று சொல்லும்போது நிமிர்வார். இடது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும், சிலிண்டர் தூக்கித் தூக்கி அவருக்கு அப்படி ஆனது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், அவர்தான். வயசு மட்டும் ஆகவில்லை. கொடியில் சட்டையைப் போட்டுவிட்டு வண்டி ஏறினபோது எப்படி இருந்தாரோ அப்படி.

பாத்திமா அவரைப் பார்த்ததே இல்லை, அவள் இந்த ஊருக்கு வந்தது பிற்பாடுதான். அவள் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தாள். ஒருத்தர் கனடாவிலிருந்து, பின்னால் நிற்கிறவருக்கு யாராவது ஒரு கோட்டு கொடுங்கப்பா என்று எழுதியிருந்தார். இன்னொருத்தர், அவர் மெட்ராஸ் வெயிலை வாங்கி உள்ளே வைத்திருக்கிறார் போல என்று எழுதியிருந்தார். அதனால்தான் சொல்கிறேன், எனக்கு மட்டும் தெரிந்தது இல்லை. முகம் தெரியாத ஜனமெல்லாம் பார்த்திருக்கிறது.

"இது எப்போ போட்டது?" என்று கேட்டேன்.

"போன வெள்ளிக்கும் முந்தின வெள்ளி. ஏன்க்கா?"

திருப்பியும் ஒரு தடவை கேட்டேன். அவள் திரையில் விரலை வைத்துத் தேதியைப் படித்துக் காட்டினாள். அன்று வியாழன். நான் பட்டன் வைத்தது திங்கட்கிழமை. படம் போட்டது அதற்கும் பத்து நாள் முன்னாடி. அப்போது அந்தப் பட்டன் செல்வியின் கவுனில்தான் இருந்தது, கவுன் என் பெட்டியில் இருந்தது.

வீட்டுக்குப் போனேன். செல்வி பத்திரிகை வந்துவிட்டது என்று காட்டினாள். மஞ்சள் தடவின பத்திரிகை, அவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டிருந்தது. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள், அப்பா பெயர் அச்சில் வந்ததை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். நான் வாயைத் திறந்து சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருக்கிறாரா இல்லையா என்று மறுபடி ஆரம்பிக்கும். சம்பந்தியம்மா பத்திரிகையைத் திருப்பி வைத்துவிடுவாள். கொரியாவுக்கு யார் போய்த் தேடுவது? தேடினால் யார் கிடைப்பார்? சொல்லாவிட்டால் நான் உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் கொள்ளி வைத்தவள்.

"இன்னாம்மா, ஒரு மாதிரி கீற?" என்றாள்.

"பல்லு வலி" என்றேன்.

மறுநாள் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். கல்யாண வேலையாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடத்தான் போனேன். கடைசியில் எரிக்கும்போதாவது அந்தப் பட்டனைப் போட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். மட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்ல அண்ணி. கயிறு எரிஞ்சி அறுந்ததும் சட்டை ரெண்டா தொறந்துக்கிச்சி. அத்த ஏன் இப்போ கேக்குற? மனச போட்டு ஒழப்பிக்காத. பொண்ணு கல்யாணத்த பாரு."

பார்த்தேன். மாசியில் கல்யாணம் நடந்தது. நான் பின்வரிசையில் ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், கொழுந்தனும் அவர் மனைவியும்தான் தாரை வார்த்தார்கள். செல்வி தாலி ஏறினதும் கூட்டத்தில் என்னைத்தான் தேடினாள். மேளம் கொட்டினபோது நான் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வெயிலில் செருப்புகள்தான் கிடந்தன.

அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. பாத்திமா வெளியே போயிருக்கும்போதுகூட எப்படிப் போடுவது என்று கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரிதான். குனிவார், காஜாவுக்குப் பட்டனை இழுப்பார், எட்டாது, மறுபடி இழுப்பார். எறா என்கிற இடத்தில் நிமிர்வார். அதற்குள் அன்வர் கேமராவை மீன் பக்கம் திருப்பிவிடுவான். அவர் பட்டனைப் போட்டாரா இல்லையா என்று படத்தில் இல்லை. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதைவிட அதுதான் என்னை அரித்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். குளிரில் மார்பு திறந்து நிற்கிறார், நான் சரியாக வைத்திருந்தால் ஒரு இழுப்பில் போட்டிருப்பார்.

சித்திரையில் அன்வர் ஊருக்கு வந்தான். கடைக்கு வந்து எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான், எனக்கு ஒரு சின்னக் கத்தரிக்கோல் கொடுத்தான், நூல் அறுக்க. பாத்திமா அவனை விடவில்லை, "தொரை கேமராவுல பேசுற மாதிரி இங்க பேசு பாப்போம்" என்று கிண்டல் செய்துகொண்டே டீ சொல்ல வெளியே போனாள். நான் தலை நிமிராமல் கேட்டேன். மீன் மார்க்கெட்டு படத்தில் உனக்குப் பின்னால் அரைக்கைச் சட்டையில் ஒருத்தர் நின்றாரே என்று.

அவன் உடனே, "ஆமாக்கா, நீயும் பாத்தியா அத்த?" என்றான். தான் தமிழில் பேசுவதைக் கேட்டுத்தான் வந்து நிற்கிறார் என்று நினைத்தானாம், அங்கே நம்ம ஆட்களைப் பார்ப்பதே அபூர்வமாம், கேமராவை நிறுத்திவிட்டுக் கிட்டே போனானாம், எந்த ஊர் என்று கேட்டானாம், அவர் பேசவில்லையாம், பட்டனைப் பிடித்துக்கொண்டே நின்றாராம்.

"கை வெறைச்சி போச்சி போல, போட வரல அவருக்கு. எவனோ எறக்கி வெச்சி தெச்சிக்கீறான். பாவமா இருந்திச்சி. நான்தான் சட்டைய இஸ்து போட்டு உட்டேன்."

ஊசி என் கையில் அப்படியே நின்றது. "போட்டுட்டியா?" என்றேன்.

"போட்டுட்டேன்க்கா. போட்டதும் சட்டைய நீவி உட்டுக்கினு பொறப்புட்டுப் போயிட்டாரு. ஆனா ஒண்ணு, யாருகிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க." அவன் வலதுகைக் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டான். "அந்தப் பனியில என் விரலு மரத்துக் கெடக்குது. அவரு சட்டை ஐசு மாதிரி கீது. பட்டன் மட்டும் சுட்டுதுக்கா. அடுப்புல இருந்து எடுத்த மாதிரி சுட்டுது."

நான் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்க்கா, உனக்குத் தெரிஞ்சவரா?"

"இல்லப்பா" என்றேன்.

பாத்திமா டீயோடு வந்துவிட்டாள்.

செல்விக்கு இப்போது பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிறது. அன்வர் வேறு எந்தத் தேசத்திலோ இருக்கிறான். கண் மங்கிவிட்டது, முந்நூறு முடியாது, ஐம்பது அறுபது பட்டன் வைக்கிறேன். ஒவ்வொன்றையும் முடி போட்டு நூலை அறுத்ததும் அது காஜாவுக்கு எட்டுகிறதா என்று இழுத்துப் பார்ப்பேன், அது எல்லாரும் செய்கிறதுதான். அதற்கு அப்புறம் யாரும் பார்க்காதபோது விரல் நுனியால் பட்டனை ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். குளிர்ந்துதான் இருக்கிறது. இன்றுவரைக்கும் குளிர்ந்துதான் இருக்கிறது.